24 ஆண்டுப் படைப்பணி நிறைவு: மனைவி பெயரில் உள்ள பிழையை இப்போதே திருத்துவதா, ஊர் வந்த பிறகா?

கேள்வி: வைப்பாற்றங்கரை

அனைவருக்கும் வணக்கம். நான் தரைப்படையின் காலாட்படைப் பிரிவு ஒன்றில் ஹவில்தாராகப் பணியாற்றுகிறேன். வரும் மார்ச் மாதக் கடைசி நாளோடு என் 24 ஆண்டுப் பணி நிறைவடைகிறது. இரண்டாண்டு நீட்டிப்புக்கு விருப்பமில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அப்பாவுக்கு வயதாகிவிட்டது, மகள் பிளஸ் ஒன் வந்துவிட்டாள். இனியும் விடுப்புக்கு மட்டும் வந்துபோகிற விருந்தாளியாக இருக்க மனம் ஒப்பவில்லை.

ஓய்வூதியத் தாள்களுக்காக ரெக்கார்டு ஆபீசிலிருந்து (எங்கள் பணிப் பதிவேடுகளை வைத்திருக்கும் அலுவலகம்) என் குடும்ப விவரங்களைச் சரிபார்க்கச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அதைப் பார்த்தபோதுதான் என் மனைவியின் பெயர் ஆங்கிலத்தில் இரண்டு சொல்லாகப் பிரித்து, வடநாட்டு எழுத்து முறையில் பதிவாகியிருப்பதைக் கவனித்தேன். ஆதாரிலும் வங்கிக் கணக்கிலும் ஒரே சொல்லாக, நம் ஊரில் எழுதுகிறபடி இருக்கிறது. பிறந்த நாளும் வேறு. திருமணமான புதிதில் நான் வாய்வழியாகச் சொன்னதை எழுதிக்கொண்டார்கள். நாளை உறுதியாகத் தெரியாத நானும் ஜூன் 1 என்று சொல்லிவிட்டேன். பள்ளிச் சான்றிதழிலும் ஆதாரிலும் இருப்பது ஆகஸ்டு 14. என் பெயரிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. படைப் பதிவில் தலைப்பெழுத்தே இல்லை. பான் அட்டையில் அப்பாவின் பெயர் முழுவதுமாக முன்னால் நிற்கிறது.

இதைப் பற்றி யூனிட்டில் கேட்டபோது, இவ்வளவு சிறிய வேறுபாட்டால் ஓய்வூதியம் நிற்காது, ஊருக்குப் போனபின் நிதானமாகத் திருத்திக்கொள்ளலாம் என்று ஒருவர் சொன்னார். இன்னொருவர் இப்போதே செய்துவிடு என்கிறார். இதற்காக விடுப்பெடுத்து ஊருக்கு வந்து அலைய வேண்டியிருக்கும் என்பதால் தயங்குகிறேன்.

ஓய்வூதியத்தில் ஒரு பகுதியை மொத்தத் தொகையாக வாங்கிக்கொள்வது நல்லதா என்பதிலும் குழப்பம் உள்ளது. ஆளுக்கொரு கணக்குச் சொல்கிறார்கள். எனக்கு முழங்கால் வலியும் உண்டு, ஆனால் மருத்துவத் தரம் (பணிக்கான உடல் தகுதி நிலை) இதுவரை குறைக்கப்படவில்லை. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி: பழைய ஹெட் கிளார்க்

தம்பி, வணக்கம். நான் பணியில் இருந்த காலத்தில் பெரும்பகுதியை இந்தத் தாள்களோடுதான் கழித்தேன். உங்கள் முதல் கேள்விக்கு என் விடை ஒன்றுதான். சீருடை உடம்பில் இருக்கும்போதே திருத்துங்கள்.

காரணத்தைச் சொல்கிறேன். படையில் உங்கள் திருமணம், குழந்தை பிறப்பு, பெயர் மாற்றம் எல்லாமே யூனிட் வெளியிடும் பார்ட் டூ ஆர்டர் என்னும் பதிவு ஆணை வழியாகத்தான் ரெக்கார்டு ஆபீசுக்குப் போய், ஷீட் ரோல் என்னும் உங்கள் பணிப் பதிவேட்டில் ஏறுகின்றன. ஓய்வூதிய ஆணை அந்தப் பதிவிலிருந்துதான் பிறக்கிறது. நீங்கள் பணியில் இருக்கும்வரை அந்த ஆர்டரை வெளியிடும் அதிகாரம் உங்கள் யூனிட்டிடம் இருக்கிறது. கிளார்க்கின் மேசை முன்னால் போய் நின்று, இன்று அனுப்பினீர்களா என்று கேட்கலாம். விடுபட்ட மறுநாளே நீங்கள் யூனிட்டுக்கு வெளியாள். அதன்பிறகு அதே திருத்தத்துக்கு நீங்கள் ரெக்கார்டு ஆபீசுக்கு விண்ணப்பிக்க வேண்டும், அவர்கள் சரிபார்த்துப் பிரயாக்ராஜில் உள்ள ஓய்வூதியத் தலைமைக் கணக்கு அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும், அங்கிருந்து திருத்த ஆணை வர வேண்டும். ஒவ்வொரு படியிலும் ஏதாவது ஒரு தாள் குறைகிறது என்று திரும்பி வந்தால் மாதங்கள் ஓடிவிடும்.

யூனிட்டில் உங்களுக்கு முதலில் சொன்னவர் முழுப்பொய் சொல்லவில்லை. மனைவியின் பெயரில் எழுத்து மாறியிருப்பதால் உங்கள் ஓய்வூதியம் நிற்காது. நீங்கள் உயிரோடு இருக்கும்வரை இந்தப் பிழை யார் கண்ணிலும் படாமலே கிடக்கக்கூடும். நீங்கள் இல்லாத நாளில், உங்கள் மனைவி குடும்ப ஓய்வூதியம் கேட்டுப் போகும்போதுதான் அது எழுந்து நிற்கும். அப்போது அதைத் திருத்துவதற்கு நீங்கள் இருக்க மாட்டீர்கள். அறுபது எழுபது வயதில் ஒரு பெண்மணி, ஆணையில் உள்ள பெயரும் ஆதாரில் உள்ள பெயரும் ஒருவரையே குறிக்கின்றன என்று நிரூபிக்க அலைவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

செய்ய வேண்டியது பெரிய வேலையும் அன்று. பெயரையும் பிறந்த நாளையும் குறித்து முதல்வகுப்பு நீதித்துறை நடுவர் முன்னிலையில் ஓர் உறுதிமொழிப் பத்திரம், பள்ளி மாற்றுச் சான்றிதழ் அல்லது பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், ஆதார், திருமணப் பதிவுச் சான்று ஆகியவற்றைத்தான் பெரும்பாலும் கேட்பார்கள். பெயர் மாற்றம் எழுத்துப் பிழைக்கு மேற்பட்டது என்று கருதினால், ஒரு தமிழ் நாளிதழிலும் ஓர் ஆங்கில நாளிதழிலும் விளம்பரம் கொடுக்கச் சொல்வார்கள். ஆகவே விடுப்பில் கிளம்புவதற்கு முன் உங்கள் ரெக்கார்டு ஆபீஸ் எந்தப் படிவத்தில், என்னென்ன வாசகத்தோடு உறுதிமொழிப் பத்திரம் எதிர்பார்க்கிறது என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நம் ஊர் நோட்டரி எழுதிக் கொடுக்கிற பொதுவான வாசகத்தைத் திருப்பி அனுப்பிவிட்டால் இன்னொரு விடுப்பு வீணாகும்.

உங்கள் சொந்தப் பெயரைப் பொறுத்தவரை நேர்மாறாகச் செய்வதே எளிது. படைப் பதிவில் உள்ள பெயரை மாற்றுவது நீண்ட வேலை; அரசிதழ் அறிவிப்பு வரை போகும். பான், வங்கிக் கணக்கு ஆகியவற்றைப் படைப் பதிவுக்கு ஏற்பத் திருத்துவது விரைவில் முடியும். தலைப்பெழுத்து என்ற ஒன்றை வடக்கில் யாருக்கும் புரியவைக்க முடியாது, தம்பி. குடும்பப் பெயர் என்ன என்று படிவம் கேட்கும். நாம் அப்பா பெயரை எழுதுவோம். பிறகு அப்பா பெயராலேயே நம்மை ஆயுள் முழுவதும் கூப்பிடுவார்கள்.

இன்னொன்று. கடைசிக் கட்டத்தில் உங்கள் படைப்பிரிவின் மையமான ரெஜிமென்டல் சென்டரில் டிஸ்சார்ஜ் டிரில் என்னும் விடுவிப்பு நடைமுறை நடக்கும்போது, நண்பர்களோடு படம் எடுத்துக்கொள்ளும் உற்சாகத்தில் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். டிஸ்சார்ஜ் புத்தகத்தை வரி வரியாகப் படியுங்கள். குறிப்பாக விடுவிப்புக்கான காரணம் என்னவென்று எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். நீங்கள் நீட்டிப்பை மறுத்துப் பணிக்காலத்தை நிறைவு செய்து போகிறவர். சொந்த வேண்டுகோளின்பேரில் காலத்துக்கு முன் போகிறவர் அல்லர். 2014 ஜூலை 1-க்குப் பிறகு சொந்த வேண்டுகோளில் முன்கூட்டியே விலகியவர்களுக்கு ஒரே பதவி ஒரே ஓய்வூதியத் திட்டம் பொருந்தாது என்பதால், அந்த ஒரு வரியில் தவறு நேர்ந்தால் பின்னால் உங்களுக்கு வரவேண்டிய உயர்வுகள் நின்றுபோகும்.

மறுமொழி: தென்பெண்ணை

வணக்கம் அண்ணா. என் கணவர் நான்கு ஆண்டுகளுக்கு முன் நாயக் பதவியிலிருந்து ஓய்வு பெற்றார். அவர் இப்போது ஒரு தொழிற்சாலையில் காவல் பணியில் இருப்பதால் ஸ்பர்ஷ் என்னும் ஓய்வூதிய இணையதளம் தொடர்பான வேலைகளை நான்தான் பார்க்கிறேன். மனைவியின் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சொல்லலாம் என்று எழுதுகிறேன்.

முன்பு ஓய்வூதியம் வங்கி வழியாகக் கணக்கிடப்பட்டு வரும். இப்போது ஸ்பர்ஷ் முறையில் பாதுகாப்புக் கணக்குத் துறையே நேரடியாக வங்கிக் கணக்கில் செலுத்துகிறது. ஆணையும் மின்னணு ஆணைதான். ஆகவே வங்கி மேலாளரிடம் போய்க் கேட்டால் அவருக்கு ஒன்றும் தெரியாது; எதற்கும் அந்தத் தளத்துக்குள் நாமேதான் நுழைய வேண்டும். ஒருமுறைக் கடவுச்சொல் வருகிற கைப்பேசி எண் எது என்பது இதனால் மிக முக்கியமாகிறது. என் கணவர் பணியிடத்தில் வாங்கியிருந்த வடநாட்டு எண்ணைக் கொடுத்துவிட்டு, ஊருக்கு வந்ததும் அந்த சிம்மைத் தூக்கிப் போட்டுவிட்டார். அந்த எண்ணை மாற்றுவதற்குள் எங்களுக்கு ஒரு வழியாகிவிட்டது. நீங்கள் ஊரில் நிரந்தரமாக வைத்திருக்கப்போகிற எண்ணையே, ஆதாரோடு இணைத்து, இப்போதே கொடுங்கள்.

வங்கிக் கணக்கை உங்கள் இருவர் பெயரிலும், இருவரில் யார் வேண்டுமானாலும் இயக்கலாம் என்ற முறையில், ஊரில் உள்ள கிளையில் தொடங்குங்கள். ஆண்டுக்கொருமுறை உயிர்ச்சான்று கொடுக்க வேண்டும். அதைக் கைப்பேசியில் முகத்தைக் காட்டியே இப்போது முடித்துவிடலாம், பொதுச்சேவை மையத்திலும் செய்யலாம். ஆனால் அதைக் கொடுக்க மறந்தால் ஓய்வூதியம் நிற்கும். எங்கள் தெருவிலேயே ஒரு பெரியவர் மூன்று மாதம் பணம் வராமல், ஏன் என்றே தெரியாமல் இருந்தார்.

அண்ணியிடம் எல்லாத் தாள்களையும் காட்டி, எது எதற்கு என்று சொல்லிவையுங்கள். படைக் குழுக் காப்பீட்டில் ஓய்வுக்குப் பிறகும் தொடரும் காப்பீடு ஒன்று இருக்கிறது. அதற்கான தொகையை முதிர்வுத் தொகையிலிருந்தே பிடித்துக்கொள்கிறார்கள். அப்படி ஒன்று இருப்பதே பல வீடுகளில் பெண்களுக்குத் தெரியாது. தெரியாதவர்கள் கேட்கவும் மாட்டார்கள்.

மறுமொழி: வேலூர் சுபேதார்

தம்பிக்கு வாழ்த்துகள். ஹெட் கிளார்க் சாப் சொன்னதற்கு மேல் பெயர் விஷயத்தில் சொல்ல ஏதுமில்லை. மொத்தத் தொகை பற்றி நான் எழுதுகிறேன், ஏனென்றால் இதில் நான் முதலில் தவறாக நினைத்து, பிறகு கணக்குப் போட்டுப் பார்த்துத் தெளிந்தவன்.

உங்கள் அடிப்படைச் சம்பளமும் 5,200 ரூபாய் இராணுவச் சேவை ஊதியமும் மற்றவையும் சேர்ந்து 50,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஓய்வூதியம் அதில் பாதி, 25,000. அதில் பாதி வரை, அதாவது 12,500 வரை, நீங்கள் ஒப்படைத்து மொத்தத் தொகையாக வாங்கலாம். இதற்கான அட்டவணையில் உங்கள் வயதுக்கு உரிய பெருக்கெண் ஏறக்குறைய 9. ஆகவே 12,500-ஐ 12 மாதத்தாலும் 9-ஆலும் பெருக்கினால் சுமார் 13 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய் கையில் கிடைக்கும். இதற்கு ஈடாக 15 ஆண்டுகள் மாதம் 12,500 பிடிப்பார்கள். அதன்பிறகு முழு ஓய்வூதியம் திரும்பிவிடும்.

மொத்தம் 22 லட்சத்து 50 ஆயிரம் பிடிக்கிறார்களே, இது கொள்ளையல்லவா என்று நானும் ஒருகாலத்தில் பேசித் திரிந்தேன். வட்டிக் கணக்காகப் பார்த்தால் இது ஏழரை விழுக்காட்டை ஒட்டி வருகிறது. வீட்டுக் கடனையும் தனிநபர் கடனையும் விட இதில் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. இடையில் நாம் இறந்துவிட்டால் மீதித் தொகையை யாரும் கேட்க மாட்டார்கள். மனைவிக்கு வரும் குடும்ப ஓய்வூதியத்தில் இதற்காக ஒரு ரூபாயும் குறையாது. மேலும், அகவிலைப்படி குறைக்கப்பட்ட ஓய்வூதியத்தின் மீது அல்லாமல் முழு 25,000-த்தின் மீதே கணக்கிடப்படுகிறது.

அதனால் எல்லோரும் எடுத்துவிட வேண்டும் என்று சொல்ல மாட்டேன். வீடு கட்டவோ, இருக்கிற கடனை அடைக்கவோ, மகளின் மேற்படிப்புக்கோ தேவை இருந்தால் எடுங்கள். தேவையில்லாமல் எடுத்து வங்கி வைப்பில் போட்டால் லாபம் ஒன்றுமில்லை. ஊருக்கு வந்த முதல் மாதத்திலேயே மைத்துனனோ பள்ளித் தோழனோ ஒரு தொழில் யோசனையோடு வந்து நிற்பான் என்பதையும் நினைவில் வையுங்கள். உங்களுக்குப் பணிக்கொடை தனியாக வரும். 24 ஆண்டுக்கு அது அகவிலைப்படி சேர்ந்த 12 மாத ஊதியம். சேமித்த விடுப்புக்கு 300 நாள் வரை பணம், வருங்கால வைப்பு நிதி, குழுக் காப்பீடு எல்லாம் உண்டு. இவை போதுமா என்று முதலில் கூட்டிப் பாருங்கள்.

முழங்கால் வலியை மறைக்காதீர்கள். மருத்துவத் தரம் குறையாதவர்களுக்கு விடுவிப்பு மருத்துவப் பரிசோதனை மட்டுமே நடக்கும். நம் ஆட்கள் அதில் எல்லாம் நலம் என்று சொல்லிவிட்டு வருவார்கள். இத்தனை ஆண்டுகளாக வலியைச் சொன்னால் பதவி உயர்வு போய்விடும் என்று பயந்த பழக்கம் அது. இப்போதே படை மருத்துவமனையில் காட்டி, எக்ஸ்ரே எடுத்து, பதிவில் ஏற்றிவிடுங்கள். மருத்துவர் தரத்தைக் குறைத்தால் விடுவிப்பு மருத்துவக் குழுவின் முன் போவீர்கள். அது பணியால் ஏற்பட்டதா, எத்தனை விழுக்காடு என்பதை அவர்கள் முடிவு செய்வார்கள். குறைபாட்டு ஓய்வூதியம் கிடைக்கிறதோ இல்லையோ, வெளியே வந்து ஐந்து ஆண்டு கழித்து, அன்றைக்கே வலி இருந்தது என்று சொன்னால் நம்புவதற்கு ஒரு தாளும் இருக்காது.

அரசு வேலை எண்ணம் இருந்தால் மார்ச் வரை காத்திருக்க வேண்டாம். விடுபட ஓராண்டுக்குள் இருப்பவர்கள் இப்போதே மத்திய அரசுத் தேர்வுகளுக்கு விண்ணப்பிக்கலாம். குரூப் சி பணிகளில் மத்திய அரசில் 10 விழுக்காடும், பொதுத்துறை வங்கிகளில் 14.5 விழுக்காடும் நமக்கு ஒதுக்கீடு உண்டு. பத்தாம் வகுப்போடு 15 ஆண்டுப் பணி முடித்தவர்களைக் குரூப் சி பணிகளுக்குப் பட்டதாரிக்கு இணையாகக் கருதுவார்கள். அதற்கான சான்றிதழைச் சென்டரிலேயே கேட்டு வாங்குங்கள். ஊருக்கு வந்ததும் செல்ல வேண்டிய முதல் இடம் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம்தான். அடையாள அட்டை அங்கேதான் கிடைக்கும். அசல் டிஸ்சார்ஜ் புத்தகத்தோடு ஐந்தாறு நகல்களும் கொண்டுபோங்கள்.

கேள்வி கேட்டவர்: வைப்பாற்றங்கரை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அடுத்த மாதமே 20 நாள் விடுப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். பத்திரத்தின் வாசகத்தையும் கேட்டிருக்கிறேன். தங்கை சொன்ன கைப்பேசி எண் விஷயம் எனக்கும் நேர்ந்திருக்கும். நானும் பணியிடத்து எண்ணைத்தான் எழுதியிருந்தேன்.

ஒன்றை முதலில் எழுதாமல் விட்டுவிட்டேன். என் இளைய மகனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் இல்லை. வயது பன்னிரண்டு. அவன் பெயர் பார்ட் டூ ஆர்டரில் இருக்கிறது, ஆனால் குறைபாட்டைப் பற்றி எங்கும் பதிவில்லை. அதைச் சொல்ல வேண்டும் என்று எனக்கு இதுவரை தோன்றவில்லை. சொல்வதால் அவனுக்கு ஏதாவது பயன் உண்டா?

மறுமொழி: பழைய ஹெட் கிளார்க்

தம்பி, மனைவி பெயரைக் காட்டிலும் இதற்குத்தான் நீங்கள் விடுப்பெடுக்க வேண்டும்.

சாதாரணமாக ஒரு பிள்ளைக்குக் குடும்ப ஓய்வூதியம் 25 வயது வரைதான், அதற்குள் திருமணமோ வருமானமோ வந்தால் அதோடு நின்றுவிடும். தானே சம்பாதித்து வாழ இயலாத அளவு குறைபாடு உள்ள பிள்ளைக்கு, பெற்றோர் இருவரும் இல்லாத காலத்திலும், அது ஆயுள் முழுவதும் கிடைக்க வழி இருக்கிறது. அவனுக்கு ஏதோ கொஞ்சம் வருமானம் இருந்தாலும், அது அவனுக்குரிய குடும்ப ஓய்வூதியமும் அதன் அகவிலை நிவாரணமும் சேர்ந்த தொகையைவிடக் குறைவாக இருந்தால் உரிமை போகாது. மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ்-ஸிலும் மற்ற மகன்களுக்கு 25 வயதில் அட்டை நின்றுவிடும், அவனுக்கு நிற்காது.

ஆனால் இவை எதுவும் தானாக நடப்பதில்லை. மாவட்ட அரசு மருத்துவமனையில் மருத்துவக் குழுவிடம் குறைபாட்டுச் சான்றிதழும், மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டையும் வாங்குங்கள். அவற்றைக் கொண்டு யூனிட்டில் பார்ட் டூ ஆர்டர் வெளியிடச் செய்யுங்கள். பிறகு ஓய்வூதியத் தாள்களில் அவன் பெயருக்கு எதிரே அந்தக் குறிப்பு ஏறியிருக்கிறதா என்று நீங்களே கண்ணால் பாருங்கள். நீங்கள் உயிரோடிருக்கும்போது இது ஆணையில் ஏறிவிட்டால், பின்னால் அவனுக்காகப் பேசப்போகிறவர் உங்கள் மகளாக இருந்தாலும் வேறு யாராக இருந்தாலும், ஒரு தாளைக் காட்டினால் போதும்.

உங்கள் பெற்றோர் உங்களைச் சார்ந்தவர்கள் என்றால் அதையும் சேர்த்தே முடித்துவிடுங்கள். அவர்கள் இருவருக்குமான மாத வருமானம் 9,000 ரூபாய்க்கும் அதற்குரிய அகவிலைப்படிக்கும் குறைவாக இருந்தால் அவர்களுக்கும் மருத்துவ அட்டை கிடைக்கும். வட்டாட்சியர் அலுவலகத்தில் வருமானச் சான்றுக்கு முதல் நாளே விண்ணப்பித்துவிட்டு மருத்துவமனைக்குப் போனால் விடுப்பு முடிவதற்குள் இரண்டும் கைக்கு வர வாய்ப்பு அதிகம்.